மாதேசன் இரண்டாம் தடவை சொன்னது

மைசூருக்குப் போகிறேன் என்று சொன்னதும் கோயம்புத்தூரில் எங்கள் கல்லூரி ஆசிரியைகள் அறையில் ஆளுக்கொரு சாமான் சொன்னார்கள். ஒருத்திக்குச் சந்தனக்கட்டை, இன்னொருத்திக்கு ஊதுபத்தி, மற்றொருத்திக்கு மைசூர்ப் பட்டில் ரவிக்கைத் துண்டு. எதற்காகப் போகிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் பதில் அவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய ஆங்கிலத்தில், இங்கிலாந்துக்காரர்களே அகராதி இல்லாமல் படிக்க முடியாத ஆங்கிலத்தில், மைசூரில் ஒரே ஒரு மாணவன் ஆனர்ஸ் தேர்வு எழுதியிருந்தான். அவனை வாய்மொழியாகச் சோதிக்க வெளியூர்த் தேர்வாளர் ஒருவர் வேண்டும். தென்னிந்தியா முழுவதும் தேடி என்னைப் பிடித்திருந்தார்கள்.

அந்தத் துறைக்கு நான் போனதற்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. சென்னையில் எம்.ஏ. படிக்கும்போது அந்த வகுப்பில்தான் கூட்டம் கிடையாது, மின்விசிறிக்கு நேர் கீழே உட்காரலாம். உட்கார்ந்த பிறகு எழுந்து போக மனம் வரவில்லை. அந்தக் காலத்து ஆங்கிலச் செய்யுளில் ஒவ்வொரு அடியும் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும். முதல் அரையடியில் முட்டுகிற எழுத்தை இரண்டாம் அரையடி பிடித்துக்கொள்ளும். நம் மோனைதான், வேறொன்றுமில்லை. பொருள் புரிவதற்கு முன்பே என் காதுக்கு அது சொந்தமாகிவிட்டது. அதற்குப் பிறகு நான் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் காதுக்குப் போட்ட தீனி.

மைசூர் மாணவனின் ஆசிரியர் பெயர் சம்பத்குமார அய்யங்கார். மேல்கோட்டைப் பக்கத்துப் பூர்வீகம். கடல் தாண்டாதவர், யாரிடமும் இந்தப் பாடத்தைப் படிக்காதவர், கப்பலில் வரவழைத்த ஓர் இலக்கணப் புத்தகத்தை வைத்துக்கொண்டு தானே கற்றவர். ஒருகாலத்தில் அவரிடம் ஒரு பெஞ்சு நிறைய மாணவர்கள் இருந்தார்களாம். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷத்தில் அது ஒரு மாணவனாகச் சுருங்கிவிட்டது. இந்த ஒருவனும் தேறாவிட்டால் பாடத்தையே எடுத்துவிடப் போகிறார்கள், சம்பத்தைச் சித்ரதுர்க்காவுக்கு மாற்றிச் சின்ன வகுப்புகளுக்கு விண்ணப்பம் எழுதக் கற்றுக்கொடுக்க வைக்கப் போகிறார்கள் என்று நான் வேலையை ஒப்புக்கொண்டபோதே காதுக்கு வந்திருந்தது. அது என்னைப் பாதிக்கக் கூடாது என்று முடிவு செய்துகொண்டேன். பெயில் போடுவதில் எனக்குக் கொஞ்சம் பெயர் உண்டு.

எழுத்துத் தேர்வுத் தாளையும் நான்தான் திருத்தினேன். ஒரு பிழை இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு பதிலும் ஒரு பெரியவர் வகுப்பில் நின்று பேசுவதுபோல் இருந்தது. எங்கேயும் ஒரு வாக்கியம்கூட இருபது வயதுக்காரனுடையதாக இல்லை.

பஸ் சத்தியமங்கலத்தைத் தாண்டித் திம்பம் மலையில் பாதி வளைவு ஏறியதும் இன்ஜின் கொதித்து நின்றது. கண்டக்டர் ஒரு தகர டின்னைத் தூக்கிக்கொண்டு ஓடைத் தண்ணீர் தேடிப் போனார். நாங்கள் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் கொடுத்துவிட்டுச் சாலை ஓரத்தில் உட்கார்ந்தோம். என் பக்கத்தில் இருந்த அம்மாள் ஒரு தலையணையை இடுப்பிலேயே வைத்திருந்தாள். சாமராஜநகரில் மகள் வீடு, அவள் பிரசவத்துக்குப் போகிறாள். "சாஞ்சுக்கட்டுங்களா?" என்று ஒருத்தர் கேட்டதற்கு அவள் பார்த்த பார்வையில் அவர் நாலு அடி தள்ளிப் போய் உட்கார்ந்தார்.

எல்லையில் போலீஸ்காரர் பஸ்ஸுக்குள் ஏறியபோதுதான் எனக்கு விளங்கியது. அரிசிக் கட்டுப்பாடு இருந்த காலம். நான் யோசித்து முடிப்பதற்குள் தலையணை என் மடிக்கு வந்துவிட்டது. கனத்த தலையணை. போலீஸ்காரர் என் கண்ணாடியையும் கையில் விரித்திருந்த புத்தகத்தையும் பார்த்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். கண்ணாடி போட்டவர்கள் அரிசி கடத்த மாட்டார்கள் என்பது அவர் எண்ணம் போலிருக்கிறது. "டீச்சரம்மா மகராசியா இருக்கோணும்," என்று அந்த அம்மாள் என் முழங்காலைத் தட்டினாள். எனக்குக் கோபமாக வந்தது, அரிசித் தலையணையை அவள் மடிக்கே தள்ளினேன்.

மைசூரில் இறங்கும்போது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கல்லூரிக் குமாஸ்தா ஜட்கா வண்டியோடு காத்திருந்தார். எங்கள் ஊர் ஜட்காக் குதிரைகளைவிட இந்த ஊர்க் குதிரைகள் சாது. வண்டிக்காரர் எதிரே வருகிறவர்களை வழிவிடச் சொல்லும்போதுகூட மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னார். கோயம்புத்தூரில் அந்தக் குரலில் பேசினால் ஒரு தெருவைத் தாண்ட முடியாது.

வண்டி பெண்கள் விடுதிப் பக்கம் திரும்பாமல் நேரே போயிற்று. கேட்டேன். "விடுதியில் அம்மை போட்டிருக்கிறது, மேடம். மூடிவிட்டார்கள்," என்று குமாஸ்தா அரைகுறைத் தமிழில் சொன்னார். அப்படியானால் ஓட்டல்? தனியாக வருகிற பெண்மணிக்கு ஓட்டலில் அறை தரமாட்டார்கள் என்றார். "தமிழ் பேசுகிற நல்ல குடும்பம் ஒன்று இருக்கிறது. சம்பத்குமார அய்யங்கார் வீடு. உங்களுக்கும் அவர் பாடம்தானே, சௌகரியமாகப் பேசிக்கொண்டிருக்கலாம்," என்றும் சொன்னார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சோதிக்கப் போகிற மாணவனின் ஆசிரியர் வீட்டில் தேர்வாளர் தங்குவதா? வண்டியை நிறுத்தச் சொன்னேன். நிறுத்தினார்கள். இறங்கி நின்றேன். தெரியாத ஊர், தெரு விளக்குகள் எரியத் தொடங்கியிருந்தன, எனக்குப் போக்கிடம் கிடையாது. குமாஸ்தா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். மறுபடி ஏறி உட்கார்ந்தேன். ஒரே நாளில் அரிசி, அடுத்து இது என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

சம்பத்குமார அய்யங்கார் வாசலுக்கு வந்தார். ஒல்லி மனிதர், நெற்றியில் நாமம், மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. என்னைப் பார்த்ததும் அவர் முகமும் என் முகத்தைப் போலவே வெளிறியது. குமாஸ்தா அவரிடமும் சொல்லவில்லை. அவர் மனைவி அலமேலு அம்மாள்தான் நிலைமையைக் கையில் எடுத்தாள்.

"உள்ள வாங்கோ. வாசல்ல நின்னா ஆயிடுமா? காலை அலம்பிண்டு வாங்கோ, தளிகை ஆயிடுத்து."

"இது சரியில்லை, மாமி. நான் தேர்வாளர்."

"பசிக்கறதுக்கும் அதுக்கும் என்ன? நாளன்னிக்குத்தானே பரீட்சை. இன்னிக்கு நீங்க ஆத்துக்கு வந்த மனுஷி, அவ்வளவுதான்."

இலை போட்டார்கள். சாத்தமுது, கத்திரிக்காய்க் கறியமுது, நஞ்சன்கூட்டு ரசவாழை. நடுவில் மேல்கோட்டைப் புளியோதரை. மிளகும் எள்ளும் வறுத்த வாசனை தொண்டைவரை போயிற்று. கோயம்புத்தூரில் நாங்கள் புளிசாதம் என்று எதையோ சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம், அதைப் பற்றி அன்று எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு கவளமும் இறங்கும்போது உள்ளே ஒரு குரல் கணக்குப் பேசிற்று.

சம்பத்தும் நானும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். இந்தப் பக்கத்திலேயே அந்த மொழியைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். வருஷக்கணக்காகப் பேச ஆளில்லாமல் கிடந்தவர்கள். ஆனாலும் பேச முடியாது. பேசினால் மாணவனைப் பற்றிப் பேசியதாகிவிடும். ஆகவே வெய்யிலைப் பற்றிப் பேசினோம். சிறுவாணித் தண்ணீரைப் பற்றிப் பேசினோம். அவர் ஒரு தடவை ஏதோ சொல்ல வாயெடுத்து, மோரை எடுத்துக் குடித்துவிட்டார். என் வாழ்க்கையில் அவ்வளவு அவதியான சாப்பாடு வேறு கிடையாது.

மறுநாள் காலையில் முதல் வேலையாகத் துறைத் தலைவரைப் பார்க்கப் போனேன். நடந்ததை நானே சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பினேன். வழியில் பூக்கடைகளில் மல்லிகையை முழம் போட்டு அளந்து மேலே இரண்டு விரல் சேர்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நின்று ரசிக்க மனமில்லை.

தலைவர் பெயர் நஞ்சுண்டய்யா. ஜரிகைப் பேட்டாத் தலைப்பாகையும் நீளக் கோட்டுமாகக் கம்பீரமாக இருந்தார். ஆங்கிலத்தில் பேசினார். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவர் ஆரம்பித்தார்.

"அய்யங்கார் வீட்டில் தங்கியிருக்கிறீர்களாமே. புளியோகரே சாப்பிட்டீர்களா?"

"சாப்பிட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

"நானும் ஒரு தடவை சாப்பிட்டேன். அதற்குப் பிறகு மூன்று வருஷம் என்னால் அந்தப் பாடத்தில் கைவைக்க முடியவில்லை." சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். "இந்த வருஷம் கூப்பிட்டார், நான் போகவில்லை. மேடம், நான் கெட்டவன் இல்லை. என் மாணவர்களுக்கு வேலை வேண்டும். ஆபீஸ்களில் ஒழுங்காக நாலு வரி எழுதத் தெரிந்தவன் வேண்டும் என்கிறார்கள். வெள்ளைக்காரனே போய்விட்டான், அவனுடைய முப்பாட்டன் பேசின பேச்சை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? அதுகூடப் போகட்டும். அய்யங்கார் பாடம் சொல்லித் தருவதில்லை, கிளி வளர்க்கிறார். விடைத்தாளைத் திருத்தினீர்களே, நீங்களே சொல்லுங்கள்."

அவர் சொன்னதில் பாதி என் மனதில் இருந்ததுதான்.

"கிளியாக இருந்தால் நானே பெயில் போட்டுக் கையெழுத்திடுவேன்," என்றேன். "இல்லையென்றால் உங்களைப் போடவிட மாட்டேன்."

"போதும். ஆனால் ஒன்று. நீங்கள் அவன் பக்கம் சுண்டுவிரலை அசைத்தாலும் ஊரில் புளியோகரே என்றுதான் சொல்வார்கள். நானும் சொல்வேன்."

அன்று பகல் முழுவதும் ஊரைச் சுற்றினேன் என்று பெயர். மார்க்கெட்டில் குங்குமத்தைக் கோபுரம் கோபுரமாகக் குவித்திருந்தார்கள். ஒரு காப்பிக் கடையில் மெத்தென்ற தோசை கேட்டால் அடுக்காகக் கொண்டுவந்து வைத்தார்கள். பக்கத்து மேஜையில் இரண்டு பேர், கொள்ளேகால் நம்மோடு சேருமா, மெட்ராஸோடு இருக்குமா என்று கன்னடத்தில் வாதாடிக்கொண்டிருந்தார்கள். "எங்கே சேர்த்தாலும் பட்டுப்புடவை அங்கேதான் நெய்தாக வேண்டும்," என்று ஒருவர் முடித்தார். கொள்ளேகால் அப்போது எங்கள் ஜில்லா. மாணவன் மாதேசனும் அந்தத் தாலுகாவில் கௌதள்ளிக்காரன் என்று எனக்குத் தெரியும். அதாவது எங்கள் ஜில்லாக்காரன். எனக்கு எதிராக இன்னொரு சாட்சி.

தேர்வு நாள் காலையில், விடிகிற நேரத்தில், கூடத்திலிருந்து வந்த குரல் என்னை எழுப்பியது. சம்பத்தின் குரல். ஒரு அரையடி சொன்னார். அந்த மொழிதான். உடனே ஒரு இளங்குரல் அதையே இரண்டு தடவை சொன்னது. அவர் அடுத்ததைச் சொன்னார். மறுபடி இரண்டு தடவை.

பதறிப்போய்ப் பின்கட்டுக்குப் போனேன். அலமேலு அம்மாள் கிணற்றடியில் இருந்தாள்.

"அந்தப் பையன் வந்திருக்கிறானா? இன்றைக்குமா?"

"தெனம் வரான். இன்னிக்கு மட்டும் வராதேன்னா பயந்துடுவான்னார். நீங்க எழுந்துக்கறதுக்குள்ள அனுப்பிடலாம்னு நெனச்சார்."

"இது என்ன, ஒன்றைச் சொன்னால் இரண்டு தடவை?"

"சந்தை சொல்றது. எங்காத்துல பாசுரம் கத்துக்கறது அப்படித்தான். சொல்லிக் குடுக்கறவா ஒரு தரம், கத்துக்கறவா ரெண்டு தரம். இவர் அப்பா இவருக்கு அப்படித்தான் சொல்லி வெச்சார். இவருக்கு வேற விதமாச் சொல்லிக்குடுக்கத் தெரியாது." வாளியைக் கீழே வைத்தாள். "மொதல்ல தெருவுல நாலு பேர் நாலு விதமாச் சொன்னா, ஆத்துக்குள்ள யாரை விட்டிருக்கேள்னு. இவர் காதுலயே வாங்கிக்கல. பையனும் தங்கமான பையன். இவர் தொடங்காம அவனா வாயே திறக்கமாட்டான். பெரியவா தொடங்கறதுக்கு முன்னால தொடங்கினா மரியாதை இல்லையே."

காதைப் பொத்திக்கொள்ளத்தான் வேண்டும், தேர்வாளருக்கு அதுதான் முறை. என்னால் முடியவில்லை. சென்னைப் படிப்பு முடிந்த பிறகு அந்த மொழியை என் குரலில் மட்டுமே கேட்டிருந்தேன். முதல்முறையாக வேறு இரண்டு பேர், ஒரு வீட்டின் கூடத்தில், பால்காரன் வருகிற நேரத்தில் அதைப் பேசிக்கொள்கிறார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

கூடவே ஒரு பயமும் பிடித்தது. சம்பத்துக்கு முன்பல் இல்லாததால் 'ஸ' வரும் இடமெல்லாம் ஒரு மெல்லிய விசில் கேட்டது. மாதேசனுக்குப் பல் எல்லாம் இருந்தது. போகும்போது தலையைக் குனிந்தபடி என்னைக் கும்பிட்டான், அப்போது பார்த்தேன். ஆனால் அவன் சொல்லும்போதும், இரண்டு தடவையும், அதே இடத்தில் அதே விசில்.

தேர்வு அறையில் நஞ்சுண்டய்யா, நான், எதிரே மாதேசன். சம்பத்தை நூலகத்தில் இருக்கச் சொல்லியிருந்தார்கள். கதவைச் சாத்தினார்கள். மாதேசன் போட்டிருந்த கோட்டு அவனுடையது இல்லை, மணிக்கட்டுக்கு மேலேயே கை முடிந்துவிட்டது. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தான்.

பொருள் கேட்டேன், சொன்னான். விடைத்தாளில் இருந்த அதே சொற்கள். வரலாறு கேட்டேன், சொன்னான். அதே வரிசை. நஞ்சுண்டய்யா என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன் அபிப்பிராயம் என்ன?" என்று அவர் கேட்டார். "அய்யங்காருடையது இல்லை. உன்னுடையது."

மாதேசன் வாயைத் திறக்கவில்லை.

"சரி. உனக்குப் பிடித்த ஏதாவது ஒரு பகுதியைச் சொல். எதை வேண்டுமானாலும்."

அப்போதும் அவன் பேசவில்லை. மாதேசனின் உதடு உலர்ந்து போயிருந்தது. அவன் கண் ஒரு தடவை கதவுப் பக்கம் போய்த் திரும்பியது. நஞ்சுண்டய்யா பேனாவின் மூடியைக் கழற்றினார்.

அவன் ஏன் பேசவில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். அவனுக்குத் தெரியாமல் இல்லை. யாரும் தொடங்கவில்லை, அவ்வளவுதான். நான் தொடங்கினால் அவன் வாய் திறக்கும். ஆனால் அது உதவி. புளியோதரைக்குக் கைம்மாறு. அதைவிட மோசம், நான் தொடங்கி, அவன் இரண்டு தடவை திருப்பிச் சொன்னால், கிளி என்பதை நானே நிரூபித்ததாகும். தொடங்காவிட்டால் இந்த மௌனத்துக்கு மதிப்பெண் போடுவார்கள், அதற்கும் நானே கையெழுத்துப் போட வேண்டும்.

"அவனுக்குக் கற்றுக்கொடுத்த முறையிலேயே கேட்கப் போகிறேன்," என்றேன் நஞ்சுண்டய்யாவிடம். "நான் அப்படிச் செய்தேன் என்று நீங்கள் எழுதிக்கொள்ளலாம்."

"தாராளமாக," என்றார். எழுதவும் செய்தார்.

கடல் கடக்கிற பாட்டு ஒன்றிலிருந்து ஒரு அரையடி சொன்னேன். மாதேசன் நிமிர்ந்து உட்கார்ந்தான். இரண்டு தடவை சொன்னான், விசிலோடு. இன்னொன்று சொன்னேன். இரண்டு தடவை. குரலில் நடுக்கம் போய்விட்டது, முகத்தில் ரத்தம் திரும்பியது. அவன் தெளியத் தெளிய நான் நொறுங்கிக்கொண்டிருந்தேன்.

"கிராமபோன்," என்றார் நஞ்சுண்டய்யா. "நல்ல கிராமபோன், ஒப்புக்கொள்கிறேன்."

ஒரே ஒரு வழிதான் எனக்குத் தோன்றியது. நியாயமா என்று இன்றைக்கும் தெரியாது. அந்த மொழியில் கப்பலுக்குப் பல பெயர்கள் உண்டு. ஒரு முழு அடியைச் சொன்னேன். இரண்டாம் பாதியில் இருக்க வேண்டிய கப்பலை எடுத்துவிட்டு, அதே பொருள் உள்ள வேறு கப்பலை வைத்தேன். பொருள் மாறவில்லை. மோனை செத்துப்போயிற்று.

மாதேசன் உடனே திருப்பிச் சொன்னான். நான் சொன்னபடியே, ஒரு எழுத்து மாறாமல்.

முடிந்தது என்று நினைத்தேன். சித்ரதுர்க்காவும் விண்ணப்பக் கடிதங்களும் என் கண் முன்னால் வந்தன. நஞ்சுண்டய்யா எதுவும் கவனிக்கவில்லை, அவருக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் அவரும் பேனாவை நிறுத்தினார். மாதேசன் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

என்னைப் பார்த்தான். கழுத்தில் வியர்வை இறங்கியது. கோட்டுக் கையை இழுத்துவிட்டுக்கொண்டான். பெரியவர்கள் சொன்னதைத் திருத்துவது அவன் கற்ற முறையில் கிடையவே கிடையாது. நானும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். அவ்வளவு கொடுமையை எந்த மாணவருக்கும் நான் செய்ததில்லை.

"இரண்டாவது?" என்றேன்.

அவன் கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக. கப்பல் வருகிற இடத்தில் சரியான கப்பலை வைத்தான்.

"இது வேறு மாதிரி இருக்கிறதே," என்று நஞ்சுண்டய்யா நிமிர்ந்தார். "எது தப்பு?"

மாதேசனுக்கு ஆங்கிலம் மறந்துவிட்டது. என்னைப் பார்த்துத் தமிழில்தான் சொன்னான். "தப்புன்னு சொல்லமாட்டனுங்க மேடம். நீங்க வெச்ச வார்த்தை அங்க நிக்காதுங்க."

"ஏன் நிற்காது? அர்த்தம் ஒன்றுதானே. அவருக்கும் புரியும்படி ஆங்கிலத்தில் சொல்."

சொன்னான். அந்த ஆங்கிலத்தில் இலக்கணம் தடுமாறியது, சொல் தேடித் திணறினான், எனக்கோ அதுவே சங்கீதமாக இருந்தது. ஏனென்றால் அதில் சம்பத்தின் வாக்கியம் ஒன்றுகூட இல்லை. "எங்கள் ஊர்ப் பக்கம் மலைக்கோயில் தேருக்குக் கம்சாளைத் தாளம் தட்டிப் பாடிக்கொண்டு போவார்கள், சார். வெண்கலத் தாளம். முன்னால் போகிறவன் விட்ட எழுத்தைப் பின்னால் வருகிறவன் பிடித்துக்கொள்வான். பிடித்தால்தான் கால் நடக்கும். விட்டுவிட்டால் கூட்டம் நின்றுவிடும். இவர்களும் அப்படித்தான். இவர்களிடம் காகிதம் கிடையாது. மேடம் வைத்த கப்பலில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் அதைக் கேட்டவன் மறுநாள் மறந்துவிடுவான். மறந்திருந்தால் நமக்கு வந்தே இருக்காது."

நஞ்சுண்டய்யா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அய்யங்கார் சொன்னாரா?"

"இல்லை, சார். அவர் கம்சாளை பார்த்ததில்லை."

"அப்படியானால் இப்போது நீ தொடங்கு."

"நானா?" மாதேசன் எழுந்தே நின்றுவிட்டான். "சாமிதான் தொடங்குவாங்க..."

"அவர் இங்கே இல்லை. நீ தொடங்கு. மேடம் திருப்பிச் சொல்வார்."

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான். பிறகு தொடங்கினான். நான் எதிர்பார்த்த பாட்டில்லை, கடினமான ஒன்று. ஒரு அரையடி சொல்லிவிட்டு நின்றான். தேர்வாளராகிய நான் அதை இரண்டு தடவை திருப்பிச் சொன்னேன். இரண்டாவது தடவை சரியாக வரவில்லை.

அப்போது சாத்தியிருந்த கதவுக்கு வெளியே இன்னொரு குரல் அதையே சொன்னது. தன்னை மறந்து, தழுதழுத்து, இரண்டு தடவை. 'ஸ' வந்த இடத்தில் விசில் கேட்டது.

நஞ்சுண்டய்யா பேனாவை மூடினார். "கதவைத் திற. நூலகத்தில் இருக்கச் சொன்னால் அந்த மனிதர் கால் கடுக்க வெளியே நிற்கிறார்."

சம்பத் உள்ளே வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பிடிபட்ட மாணவன் நிற்பதுபோலத்தான் நின்றார். மதிப்பெண் தாளில் நான் போட்டதைத் தலைவர் பார்த்தார், பக்கத்தில் தானும் கையெழுத்துப் போட்டார். முதல் வகுப்பு. பிறகு தாளை உறையில் போட்டுக்கொண்டே, வேறு யாரிடமோ பேசுவதுபோல் கன்னடத்தில் கேட்டார். "அய்யங்காரே, வீட்டில் புளியோகரே மிச்சம் இருக்கிறதா?"

சம்பத் தலையை மட்டும் ஆட்டினார்.

"அப்படியானால் இன்றைக்கு மத்தியானம் நான் சாப்பிட வருகிறேன்."

வந்தார். இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அலமேலு அம்மாள் பரிமாறிவிட்டு உள்ளே போய், புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள்.

பிற்பகலில் என்னை வழியனுப்பப் பேட்டா கட்டிக்கொண்டு ஜட்காவில் சம்பத்தும் வந்தார். மாதேசன் என் பையை மடியில் வைத்துக்கொண்டு வண்டிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தான். வண்டி நகர்ந்ததும் சம்பத் என் பக்கம் திரும்பி, "இனிமே பேசலாமோன்னோ?" என்றார். பேசினோம். அடைபட்டுக் கிடந்ததெல்லாம் உடைத்துக்கொண்டு வந்தது. ஓர் அடியின் பொருளைப் பற்றிச் சண்டையே வந்துவிட்டது, வண்டிக்காரர் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். பஸ் நிற்கிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ் போய்விட்டிருந்தது. எங்களில் யாருக்கும் அதில் வருத்தமில்லை. அடுத்த பஸ்ஸுக்கு மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தோம்.

"ஒன்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது," என்றேன். "அந்த விசில் அந்த மொழியில் இல்லை. உங்கள் பல்லில் இருக்கிறது."

சம்பத் ஒரு கணம் விழித்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். "அப்படியா சமாசாரம்! இத்தனை வருஷமா பசங்களுக்கெல்லாம் என் பல்லைன்னா கத்துக்குடுத்திருக்கேன். மாதேசா, நான் பல்லு கட்டிக்கறேன். நீயும் அதை ஸ்வல்ப மாத்திக்கோ."

மாதேசன் பையைக் கீழே வைத்தான். வழக்கம்போல் சரிங்க சாமி என்று சொல்லப் போகிறான் என்று நினைத்தேன்.

"இல்லீங்க சாமி," என்றான். "எனக்கு இதுவே இருக்கட்டுமுங்க."

சம்பத் பேட்டாவைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு மாதேசனுக்குப் பெஞ்சில் இடம் விட்டு நகர்ந்துகொண்டு, "உக்காரு. இப்ப நீ தொடங்கு," என்றார்.